எந்த முறை நல்லது, சித்தி?

இக்கட்டுரையை எழுதலாமா, வேண்டாமா என்று நெடுநாள் எண்ணிக்கொண்டிருந்தேன். குடும்பத்தார் அனைவரும் வாசிக்கும் இதழில், பள்ளிப் பிள்ளைகளும் புரட்டிப் பார்க்கும் பக்கங்களில், கருவைக் கலைக்கும் முறைகளைப் பற்றி எழுதுவது தகுமா என்ற தயக்கம் ஒருபுறம். என் அக்காள் மகளின் துயரத்தை ஊரறியச் செய்கிறேனோ என்ற கூச்சம் மறுபுறம். "எழுதுங்கள் சித்தி, பெயரை மட்டும் விட்டுவிடுங்கள்" என்று அவளே கூறிய பின்னர்தான் பேனாவை எடுத்தேன். ஆகவே எங்கள் குடும்பத்தார் எவர் பெயரும் இதில் இல்லை.

நான் செவிலியாக 37 ஆண்டுகள் பணிபுரிந்து, 2018ஆம் ஆண்டு ஓய்வு பெற்றவள். அவற்றுள் பெரும்பகுதி பிரசவ அறைகளிலேயே கழிந்தது. கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். எனக்கென்று பிள்ளைகள் இல்லை. தாயை இழந்த என் அக்காள் மகளே எனக்கு மகள். அவள் மணமாகிச் சிதம்பரத்தில் வாழ்கிறாள். கணவர் பள்ளியாசிரியர், கணிதம் கற்பிப்பவர். 2022ஆம் ஆண்டு அவர்களுடைய மூத்த மகனுக்கு நான்கு வயது. அவள் இரண்டாம் முறையாகக் கருவுற்றிருந்தாள்.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதக் கடைசி வாரம். வேளாங்கண்ணிக்குக் கால்நடையாகச் செல்லும் பக்தர்கள் காவி உடுத்தி, மாதா சுரூபம் வைத்த சிறு தேர்களைத் தள்ளிக்கொண்டு, கூட்டங் கூட்டமாகக் கடலூரைக் கடந்து சென்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மோர் கொடுப்பதற்காகப் பங்கு மாதர்களோடு சாலையோரம் நின்றிருந்தபோது தொலைபேசி ஒலித்தது.

"சித்தி, ஸ்கேன் எடுத்தார்கள். பிள்ளைக்கு மண்டை இல்லையாம்."

19ஆம் வாரம். குழந்தையின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் ஸ்கேன் வழக்கமாக எடுக்கப்படும் காலம் அதுதான். அவள் கூறியதை மருத்துவ நூல்கள் அனென்செபலி என்கின்றன. கரு உருவாகி ஏறத்தாழ 28 நாட்களுக்குள், மூளையும் தண்டுவடமும் அமையவேண்டிய குழல் மூடிக்கொள்ள வேண்டும். அதன் மேல்முனை மூடாது போனால் மூளையின் பெரும்பகுதியும் மண்டையோட்டின் மேற்பகுதியும் வளரா. தான் கருவுற்றிருக்கிறோம் என்பதையே தாய் தெளிவாக அறியுமுன் இது நடந்து முடிந்துவிடுகிறது. கிரகணத்தில் வெளியே நடந்ததாலோ, கண்ணேறு பட்டதாலோ, பாட்டன் செய்த பாவத்தாலோ வருவதன்று. இக்குழந்தைகளுள் பலர் கருவிலேயே மரிப்பர். உயிரோடு பிறப்பவர்கள் சில மணி நேரமோ, மிஞ்சினால் சில நாட்களோ வாழ்வார்கள். குணப்படுத்தும் சிகிச்சை இல்லை.

இவற்றை நான் நூலில் மட்டும் படித்தவள் அல்லள். சிதம்பரம் செல்லும் பேருந்தில் அமர்ந்து, சிப்காட் ஆலைகளையும் ஆலப்பாக்கத்தையும் புதுச்சத்திரத்தையும் கடந்து சென்ற அந்த ஒன்றரை மணி நேரமும் 1983ஆம் ஆண்டே என் கண்முன் நின்றது.

அப்போது எனக்கு 23 வயது. பணியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. என் அக்காளுக்குத் தலைப்பிரசவம். எங்கள் பக்கத்தில் ஸ்கேன் வழக்கத்திற்கு வராத காலம். கடலூரில் ஒரு மருத்துவமனையில், நான் அருகிருக்கவே பெண் குழந்தை பிறந்தது. புருவத்திற்கு மேல் ஒன்றுமில்லை. கண்கள் பிதுங்கியிருந்தன. ஆனால் குழந்தை மூச்சு விட்டது. சில நிமிடங்கள் விட்டது. எங்களுக்குப் பயிற்சி தந்த கன்னியர் முதல் ஆண்டிலேயே கற்பித்திருந்தார்கள்: சாகும் ஆபத்திலிருக்கும் சிசுவுக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், சிறிது தண்ணீரும், அந்த ஒரு வாக்கியமும், திருச்சபை கருதுவதைக் கருதும் மனமும் போதும். தண்ணீர்க் குழாய் மூன்றடி தூரத்தில் இருந்தது. நான் அசையவில்லை. 'இது மனிதப் பிறவிதானா' என்று என் மனம் கேட்டது. அக்கேள்வி முடிவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

தாய்க்குக் காட்ட வேண்டாம், பயந்துவிடுவாள் என்றார்கள் பெரியவர்கள். நானும் தலையசைத்தேன். அத்தான் ஒரு சிறு பெட்டியில் வைத்து எடுத்துச் சென்று, கெடிலக் கரையில் புதைத்துவிட்டு வந்தார். கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யலாமா என்று எங்களில் ஒருவரும் பங்குத் தந்தையிடம் கேட்கக்கூட இல்லை. கூடாது என்று நாங்களே தீர்மானித்துக்கொண்டோம். 2015ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பின் அந்த இடத்தின் அடையாளமும் போயிற்று. அக்காள் 2012இல் காலமானாள். அதுவரை, வருடத்திற்கு ஒருமுறையேனும், வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கையில் திடீரென்று கேட்பாள்: "நீ பார்த்தாயே, முகம் யாரைப்போல இருந்தது?" "சரியாகப் பார்க்கவில்லை அக்கா" என்பேன். அது உண்மைதான். நான் தலையைத்தான் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை.

சிதம்பரத்து வீட்டில் மருமகனார் உணவு மேசையில் ஒரு கோடிட்ட தாளை விரித்து வைத்திருந்தார். மருத்துவர் நல்ல பெண்மணி, விவரமாகவே விளக்கியிருந்தார். அவர் கூறியதை இவர் இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதியிருந்தார். இடப்புறம் மாத்திரை, வலப்புறம் அறுவை. நாட்கள் எத்தனை, வலி எவ்வளவு, செலவு எவ்வளவு என்று வரிசையாக இருந்தது. விரும்பினால் கருவைத் தொடரலாம், அதற்கும் தாம் மருத்துவம் பார்ப்பதாக அந்த அம்மையார் சொன்னாராம். அதற்குத் தாளில் பத்தி இல்லை. மூன்று நாளில் கலந்து பேசி வரும்படி கூறி அனுப்பியிருந்தார்.

சம்பந்தி அம்மாள் கெட்டவரல்லர். "வயிறு இன்னும் வெளியே தெரியவில்லை, தெரியுமுன் முடித்துவிட்டால் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டாம்" என்பது அவர் எண்ணம். மருமகனார் அறுவையையே விரும்பினார். "மயக்கம் கொடுத்துவிடுவார்கள் அத்தை. இவள் எதையும் அறியமாட்டாள். அரை மணி நேரந்தான்" என்றார். அவர் கண்கள் சிவந்திருந்தன. மனைவியை வலியிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்பதன்றி அவருக்கு வேறு நோக்கம் இல்லை. யார் யார் கையெழுத்திட வேண்டும் என்பது வரை அவ்வீட்டில் பேசியிருந்தார்கள். 18 வயது நிறைந்த பெண்ணானால் அவள் சம்மதம் ஒன்றே சட்டத்திற்குப் போதும், கணவன் கையெழுத்தோ மாமியார் கையெழுத்தோ தேவையில்லை என்று நான் சொன்னபோது மூவரும் என்னை வியப்போடு பார்த்தார்கள். படித்த குடும்பங்களிலும் இது தெரிவதில்லை.

அவள் அதுவரை பேசவில்லை. அப்பொழுதுதான் கேட்டாள்: "நீங்கள் எத்தனையோ பார்த்திருப்பீர்கள். எந்த முறை நல்லது, சித்தி?"

வாசகர்கள் என் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். பணிக்காலம் முழுவதும் கருக்கலைப்பு நடக்கும் நாட்களில் வேறு அறைக்கு மாற்றிக் கேட்டு வாங்கியவள் நான். திருச்சபையின் போதனை எனக்குப் புதிதன்று. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1974ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையும், திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1995இல் எழுதிய 'வாழ்வின் நற்செய்தி'யும் இதில் ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. "இரண்டுமே கூடாது" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு அடுப்பங்கரைக்குள் சென்றிருக்கலாம். ஆனால் நான் ஒருமுறை ஒரு தாயின் முன் வாய்மூடி நின்றவள். அறிந்ததை மறைப்பது விசுவாசமாகாது என்று அந்நேரம் எனக்குத் தோன்றியது. கூடாது என்பதையும் சொன்னேன். அதன்பின் அவள் கேட்டதற்கும் விடை சொன்னேன்.

அறுவை முறையில், முதலில் கருப்பை வாயை மருந்தால் இளகச் செய்கிறார்கள். பின் மயக்க மருந்து கொடுத்து, கருவிகளால் கருவை அகற்றுகிறார்கள். கைதேர்ந்தவர் செய்தால் விரைவில் முடியும். தாய்க்கு ஆபத்து குறைவு. ஆனால் இத்தனை வாரம் வளர்ந்த கருவை இவ்வகையில் எடுக்கப் பயின்றவர்கள் எல்லா ஊரிலும் இல்லை. இன்னொன்றை மருமகனாரின் தாள் சொல்லவில்லை: குழந்தை முழுதாக வெளிவராது. பார்ப்பதற்கோ, கையில் ஏந்துவதற்கோ ஒன்றும் இராது.

மாத்திரை முறையில் முதல் நாள் மிஃபெப்ரிஸ்டோன் என்ற மாத்திரை 200 மில்லிகிராம். ஒன்றிரண்டு நாள் கழித்து மருத்துவமனையில் சேர்த்து, மிசோப்ரோஸ்டால் என்ற மாத்திரையை 400 மைக்ரோகிராம் அளவில் மூன்று மணிக்கொருமுறை கொடுப்பார்கள். பிரசவ வலியைப் போன்ற வலிதான், குறைத்துச் சொல்ல இயலாது. சில மணி நேரத்தில் முடியலாம். ஒரு நாளும் ஆகலாம். நச்சுக்கொடி தங்கிவிட்டால் அதனை அகற்றத் தனியே சிகிச்சை வேண்டியிருக்கும். குழந்தை முழுதாக வரும். இரண்டொரு நாளில் தாய்க்குப் பால் சுரக்கும். இதை எவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மல்லிகைப்பூவைக் கட்டிக்கொண்டு அழுத பெண்களை நான் பார்த்திருக்கிறேன். என் பணியின் தொடக்க ஆண்டுகளில் எத்தாக்ரிடின் என்ற மஞ்சள் நிற மருந்தை ரப்பர்க் குழாய் வழியாகக் கருப்பைக்குள் செலுத்துவார்கள்; பெண்கள் அதனால் நெடுநேரம் துன்புற்றார்கள். இன்றைய மாத்திரைகள் அதைவிட மேலானவை. தகுந்த மருத்துவரிடத்தில் இரு முறைகளுமே தாய்க்குப் பாதுகாப்பானவை என்றுதான் மருத்துவம் கூறுகிறது.

மற்றொன்றும் சொன்னேன். 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி, வெளியே பிழைக்கும் பருவத்தை எட்டாத கரு, மஞ்சள் பையில் இடவேண்டிய கழிவுகளின் வரிசையில் வருகிறது. அடக்கம் செய்ய விரும்பும் பெற்றோர் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். பின்னர் கேட்டால் காலம் கடந்திருக்கும்.

மஞ்சள் பை என்றதும் அவள் முகம் மாறியது. நெடுநேரம் கழித்து, "அப்படியானால் ஆபரேஷன் வேண்டாம். நான் பார்க்க வேண்டும்" என்றாள்.

இப்போது மருமகனார் ஒரு கேள்வி கேட்டார். கணித ஆசிரியருக்குரிய கேள்வி. "மாத்திரையால் வலி வரவழைப்பது பிரசவந்தானே அத்தை? குழந்தையை யாரும் தொடுவதில்லை. வெளியே வந்தபின் அது தானாக மரிக்கிறது. எப்படியும் மரிக்கப்போகும் குழந்தை. இதைக் கலைப்பு என்று ஏன் சொல்ல வேண்டும்?"

பல நல்ல கத்தோலிக்கர் இவ்வாறு எண்ணித் தம்மைத் தேற்றிக்கொள்கிறார்கள். அக்கணத்தில் நானும் அப்படி எண்ணிக்கொள்ள விரும்பினேன். ஆனால் 19ஆம் வாரத்தில் எந்தக் குழந்தைக்கும், மண்டையோடு உள்ள குழந்தைக்கும், வெளியே மூச்சுவிட நுரையீரல் ஆயத்தமாவதில்லை. அப்போது வெளியே கொணர்வதே அதன் உயிரை முடிப்பதாகும். முழுதாக வருகிறது என்பதால் அது வேறொன்றாகிவிடாது. மறுநாள் பங்குத் தந்தை வந்தபோது இவர் அதையே அவரிடமும் கேட்டார். இதே வகைக் குழந்தைகளைப் பற்றி அமெரிக்க ஆயர்களின் கோட்பாட்டுக் குழு 1996இல் ஓர் அறிக்கை வெளியிட்டிருப்பதை அவர் எடுத்துக் கூறினார். குழந்தை ஊனமுற்றது, வாழாது என்ற காரணத்திற்காக, பிழைக்கும் பருவத்திற்கு முன் பிரசவிக்கச் செய்யலாகாது. தாய்க்கு நோய் ஏற்பட்டு அதற்கு மருத்துவம் செய்கையில் முன்னதாகப் பிரசவம் நேருமாயின் அது வேறு என்பது அதன் சாரம். இவ்வளவையும் கூறிவிட்டு அவர், "நீங்கள் எதைச் செய்தாலும் என்னைக் கூப்பிடுங்கள், வருவேன்" என்று அவளிடம் சொன்னார். அவளுக்கு நினைவில் நின்றது அந்தக் கடைசி வாக்கியம் மட்டுந்தான்.

அன்றிரவு நான் 1983ஐப் பற்றி அவளிடம் கூறினேன். பாவசங்கீர்த்தனத்தில் தவிர வேறெங்கும் சொல்லாதது. குழாய் மூன்றடி தூரத்தில் இருந்ததையும் சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அம்மாவுக்கு இது தெரியுமா?" தெரியாது என்றேன்.

மூன்றாம் நாள் அவள் மருத்துவரிடம், "இப்போது வேண்டாம்" என்று கூறினாள். நாளை கடத்தினால் சட்டம் இடங்கொடாது என்ற அச்சம் அவ்வீட்டில் இருந்தது. பழைய செய்தி ஒன்று அவர்கள் மனத்தில் தங்கியிருந்தது. 2008ஆம் ஆண்டு மும்பையில் நிகேதா மேத்தா என்ற பெண்மணி, 24ஆம் வாரத்தில் கண்டறியப்பட்ட குழந்தையின் இதயக் கோளாற்றுக்காக உயர்நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு, மறுக்கப்பட்டார். 1971ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது 20 வாரத்தையே எல்லையாக வைத்திருந்தது. அம்மாதமே அவருக்குக் கரு தானே கலைந்தது. அவ்வழக்கு நாடெங்கும் பேசப்பட்டு, பல ஆண்டுகளுக்குப் பின் சட்டமும் திருத்தப்பட்டது. 2021 செப்டம்பர் முதல், இத்தகைய ஊனங்களில் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்தும், அதற்குப் பின் மருத்துவக் குழுவின் கருத்தும் இருந்தால் சட்டம் அனுமதிக்கிறது. ஆகவே கதவு எதுவும் மூடிவிடவில்லை, எப்போது வேண்டுமானாலும் மனம் மாறலாம் என்று மருத்துவர் விளக்கினார். எனக்கோ உள்ளூர மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியை நான் அப்போது சோதித்துப் பார்க்கவில்லை.

அடுத்த வாரங்களை நான் அழகுபடுத்தி எழுத மாட்டேன். தியாகத் தாய்மார்களைப் பற்றிய பிரசங்கங்களில் வாரங்கள் வேகமாக நகர்ந்துவிடும். வீட்டில் அப்படி நகர்வதில்லை. வயிறு வெளியே தெரிந்தது. "எத்தனை மாதம்? ஆணா பெண்ணா, வயிற்றைப் பார்த்தால் ஆண் போலிருக்கிறதே" என்று பேருந்தில் முன்பின் அறியாதவர்கள் கேட்டார்கள். மூத்த பிள்ளை தன் மரக் குதிரையைத் தம்பிக்கென்று எடுத்து வைத்தான். கோணான்குப்பம் பெரியநாயகி மாதாவுக்கு நேர்ந்துகொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று உறவினர் ஒருவர் வற்புறுத்தியபோது அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். மாதாவிடம் அவளுக்குக் கோபம் இல்லை. சரியாகிவிடும் என்ற சொல்லின் மேல்தான் கோபம். குழந்தை உதைக்கத் தொடங்கியது. அது அவளுக்கு இன்பமா வேதனையா என்று நான் கேட்கவில்லை, கேட்கத் துணிவில்லை.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். கடலூருக்கு வந்து தன் தாயின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினாள். 29ஆம் வாரம் நடந்துகொண்டிருந்தது. வீட்டிற்குத் திரும்பியதும் அவளுக்குக் காப்பி கொடுத்து, "கால் வீங்கியிருக்கிறதே, சற்றுப் படுத்துக்கொள் கண்ணே" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. அவள் குவளையைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்காகத்தான் இதைச் சுமக்கிறேனா சித்தி? நீங்கள் அன்று கொடுக்காத ஞானஸ்நானத்தை இப்போது கொடுப்பதற்காகவா?"

கத்தவில்லை. மெதுவாகவே கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல் வரவில்லை. நான் அந்த இரு முறைகளையும் விளக்கிய விதத்தை அன்றிரவு முழுவதும் நினைத்துப் பார்த்தேன். கூறியவற்றுள் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் மஞ்சள் பையை நான் அந்த இடத்தில், அந்தக் குரலில் சொல்லியிருக்க வேண்டுமா? அதே இரவு 1983ஐச் சொன்னது அவளுக்காகவா, எனக்காகவா? உண்மையைக் கொண்டே ஒருவரைத் தள்ளவும் முடியும். அவளுடைய முடிவு சரியானதென்று நான் இன்றும் விசுவசிக்கிறேன். அதை அவள் தன் முடிவாக எடுத்தாளா என்பது வேறு கேள்வி.

டிசம்பர் முதல் வாரம் அவளுக்கு மூச்சுத் திணறல் கண்டது. இத்தகைய குழந்தைகள் பனிக்குட நீரை விழுங்க இயலாதவை ஆதலால், நீர் மிகுந்து வயிறு அளவுக்கு மேல் பெருப்பது உண்டு. படுக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே இரவுகளைக் கழித்தாள். 33ஆம் வாரம். இனியும் காத்திருப்பது தாய்க்கு ஆகாது என்று மருத்துவர் முடிவு செய்து, வலி வரவழைக்க மாத்திரை கொடுத்தார். அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மிசோப்ரோஸ்டால். ஆகஸ்டு மாதம் மருமகனாரின் தாளில் இடப்புறம் இருந்த அதே மருந்து. அப்போது 400 மைக்ரோகிராம் என்று எழுதியிருந்தது, இப்போது 25. இவ்வளவு வளர்ந்த கருப்பைக்கு அதற்கு மேல் கொடுத்தால் ஆபத்து. அன்று கூடாது என்று நான் சொன்ன மாத்திரையை இன்று தண்ணீரோடு நானே அவளுக்கு எடுத்துக் கொடுத்தேன். மருமகனார் என்னைப் பார்த்தார். பங்குத் தந்தை கூறிய வேறுபாடு இருவருக்கும் நினைவிருந்தது. நினைவிருந்தும் என் கை நடுங்கியது.

ஏறத்தாழ 20 மணி நேரம். ஆண் குழந்தை, ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. உயிர் இருந்தது. பழைய செவிலி என்பதால் என்னை உள்ளே இருக்கவிட்டார்கள். ஒரு குவளையில் தண்ணீர் ஆயத்தமாக வைத்திருந்தேன். அதைக் கையில் எடுத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். 39 ஆண்டுகளாக நான் காத்திருந்த கணம் அது. குவளையை மருமகனாரிடம் நீட்டினேன். "நீங்கள் ஊற்றுங்கள் மாப்பிள்ளை. வாக்கியத்தைச் சொல்லித் தருகிறேன்" என்றேன். அவர் சிரசின் மேற்பகுதி எங்கே என்று தெரியாமல் ஒரு கணம் தடுமாறி, நெற்றியில் ஊற்றினார். அவர்கள் முன்பே தேர்ந்து வைத்திருந்த பெயரை இட்டார்கள்.

மருத்துவமனைச் செவிலி ஒருத்தி கம்பளித் தொப்பி ஒன்றைக் கொண்டுவந்து அணிவித்தாள். அதன்பின் எல்லாரும் முகத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என் அக்காளின் மோவாய். அப்படியே இருந்தது. 1983இல் பிறந்தவளுக்கும் அதே மோவாய் இருந்திருக்கலாம். 50 நிமிடம் தாயின் மார்பில் கிடந்து குழந்தை மரித்தது. மறுநாள் காலை பங்குத் தந்தை முன்னின்று, சிதம்பரத்தில் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தோம். சம்பந்தி அம்மாள்தான் பெட்டிக்குள் விரிக்கத் தம் பட்டுச் சேலையைக் கிழித்துக் கொடுத்தார்.

செய்தி பரவியபின், வேறொரு பங்கைச் சேர்ந்த பெண் ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். பல ஆண்டுகளுக்கு முன் அவளுக்கும் இதுபோல் நேர்ந்து, அறுவை முறையில் முடித்துவிட்டார்களாம். யார் முடிவு என்றே அவளுக்குத் தெரியவில்லை. மயக்கம் தெளிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்றுமுதல் நற்கருணை வாங்க எழுந்து போகாமல் பெஞ்சிலேயே அமர்ந்திருக்கிறாள். "உங்கள் மகளைப் பற்றிப் பிரசங்கத்தில் சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது" என்றாள். சொல்லமாட்டார்கள் என்று உறுதி கொடுத்தேன். 1995ஆம் ஆண்டு மடலின் 99ஆம் பகுதியில் திருத்தந்தை இப்பெண்களை நோக்கியே கனிவோடு எழுதியிருப்பதையும், 2016ஆம் ஆண்டு இறுதி முதல் எந்தக் குருவானவரும் இதற்குப் பாவமன்னிப்பு அளிக்கலாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் நிலையாக அனுமதித்திருப்பதையும் கூறினேன். "அந்தக் குழந்தை எங்கே இருக்கும்?" என்றாள். ஞானஸ்நானமின்றி மரித்த சிசுக்களின் மீட்பை நம்பக் காரணம் உண்டு என்று 2007இல் உரோமையின் இறையியல் குழு வெளியிட்டதை அவளுக்குப் புரியும்படி சொன்னேன். எனக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

தாய்மாருக்கு ஒன்று கூறவேண்டும். இந்த ஊனம் ஒருமுறை நேர்ந்த பெண்களுக்கு, அடுத்த கரு உண்டாகுமுன்பே ஃபோலிக் அமில மாத்திரை கொடுத்தால் மறுபடி நேர்வது வெகுவாகக் குறைகிறது என்பதை, 7 நாடுகளில் நடத்தி 1991இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நான்கில் மூன்று பங்குக்குச் சற்றே குறைவாகத் தடுக்க முடிந்தது. முன்பு நேராதவர்களும், பிள்ளை வேண்டும் என்று எண்ணும் நாள் முதலே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் உட்கொள்வது நலம். கருவுற்றதை அறிந்தபின் தொடங்கினால் அந்த 28 நாட்கள் கடந்திருக்கும். நான் இதை அறிந்திருந்தும், அக்காளுக்கு நேர்ந்ததை நினைவுகூர்ந்து இவளுக்கு முன்கூட்டியே சொல்லத் தவறினேன். அதையும் அவளிடம் ஒப்புக்கொண்டேன். "சரி சித்தி" என்றாள்.

கல்லறைத் திருநாள் மாலை அவள் கேட்டதை அவள் மறுபடி கேட்கவில்லை. நானும் விடை சொல்லவில்லை. இப்போது மருத்துவர் எழுதிக் கொடுத்த 5 மில்லிகிராம் மாத்திரையை அவள் தினமும் உட்கொள்கிறாள். சென்ற மாதம் நான் போயிருந்தபோது அந்த அட்டை அடுக்களை அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருந்தது. எத்தனை மாத்திரை மிச்சம் என்று எண்ணக் கை நீண்டது. எண்ணாமல் வைத்துவிட்டு வந்தேன்.